பின்பாட்டுக்காரன் கணக்கு

எங்கள் நாட்டுப்பாட்டு செட்டில் நான் பின்பாட்டு. 2003-இல் ஆரம்பித்தபோதும் அதுதான், இப்போதும் அதுதான். முன்னால் ஒருவர் அடியெடுப்பார். மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவோம், இல்லையென்றால் ‘ஏலேலோ’ போடுவோம். கையில் ஒரு ஜோடி ஜால்ரா. பிழைப்புக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் பணம் தந்தார், யார் ‘அடுத்த பாட்டில் தருகிறேன்’ என்றார். கடற்கரையில் பாடு என்றால் மீன்பாடு. அதனால் ‘அடுத்த பாட்டில்’ என்றால் மீனா, பாட்டா என்று எனக்கே சில நேரம் குழம்பும். இரண்டிலும் பாக்கி வைப்பவர்கள் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான்.

குழுவுக்கு முறையான பேர் கிடையாது. ஒரு டெய்லர் கடையில் ஒத்திகை பார்ப்பதால் ஊரில் ‘டெய்லர் கடை செட்டு’. நோட்டீசில் போட நல்ல பேராக ஒன்று வைக்கலாம் என்று ஒருமுறை உட்கார்ந்தோம். மூன்று ஞாயிறு பேச்சிலேயே போனது, பாட்டு நடக்கவில்லை. விட்டுவிட்டோம்.

ஏழு பேர். ஹார்மோனியம் வாசிக்கிற டெய்லர் அண்ணன். தப்பு அடிக்கிற ஆட்டோக்காரர். எனக்கும் அவருக்கும் ஒரே வயசு, ‘மாப்ள’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். தாயிரா என்கிற வட்டத் தோல் வாத்தியம் தட்டுகிற பாய். அவருடைய அத்தா பக்கீராக ஊர் ஊராகப் போய், தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபுவின் பாடல்களைப் பாடியவர். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். கடலில் பாசி எடுக்கிற அக்கா ஒருவர். கரைவலை இழுத்து இழுத்து வயசாகி வீட்டோடு இருந்த பெரியவர் ஒருவர். அப்புறம் நான். இதில் முறையாகச் சுரம் படித்தவர் டெய்லர் அண்ணன் மட்டும். அதுவும் நாடகங்களுக்கு ஹார்மோனியம் வாசித்த ஒருவருக்குக் காசு வாங்காமல் சட்டை தைத்துக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இப்போதெல்லாம் சின்னப் பையன்கள் வந்து, நாங்களும் இப்படி ஒரு செட்டு போடலாம் என்று இருக்கிறோம், எப்படி அண்ணே இத்தனை வருஷம் ஓட்டினீர்கள் என்று கேட்கிறார்கள். டீக்கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் வருஷம் எங்கள் அம்பா கேட்கச் சகிக்காது. அம்பா என்பது வலை இழுக்கும்போதும் படகைத் தள்ளும்போதும் பாடுகிற பாட்டு. மேடையில் எடுத்தால் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். தப்பு முன்னால் ஓடும், பாட்டு பின்னால் துரத்தும். கூட்டத்தில் பையன்கள் ஆடுவார்கள், அதனால் நன்றாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் கைலி மூட்ட டெய்லர் கடைக்கு வந்தார். அப்போது அவர் எங்கள் செட்டில் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். முடித்ததும் சொன்னார்: “என்னப்பு, வலையில ஒண்ணும் இல்லையா? இந்த ஓட்டம் ஓடுறீங்க?”

அடுத்த ஞாயிறு தோளில் ஒரு பழைய வலைக்கயிற்றைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். மாப்ளையின் ஆட்டோவைக் கடை ஓரத்து மணலில் இறக்கச் சொன்னார். உள்ளே மூன்று பேரை உட்கார வைத்தார். பின்கம்பியில் கயிற்றைக் கட்டி, “இப்ப இதை இழுத்துக்கிட்டே பாடுங்க” என்றார். மணலில் ஆட்டோவை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வரவே வராது. பாட்டைப் பழைய வேகத்தில் ஆரம்பித்தோம். இரண்டாவது அடியிலேயே மூச்சு நின்றது. அவர் கயிற்றின் தலைப்பில் நின்று அடியெடுத்தார். ஒரு சொல், ஒரு இழுப்பு. ‘ஏலேலோ’வில் கடைசி ‘லோ’ நீள்கிறதே, அந்த நேரத்தில்தான் கால் மாற்ற வேண்டும், கை மாற்றிப் பிடிக்க வேண்டும். நாங்கள் அந்த இடத்தைத்தான் ‘சும்மா இருக்கிறது’ என்று நினைத்து வெட்டியிருந்தோம்.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் இழுக்கும். பின்னோக்கி நடந்துகொண்டே இழுப்பார்கள். கயிற்றின் வாலில் இருப்பவர் விட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் வந்து மறுபடி பிடிப்பார். யார் எப்போது விடுகிறார், யார் பிடிக்கிறார் என்பதையெல்லாம் பாட்டுதான் பார்த்துக்கொள்கிறது. மீன் சேர்கிற வலைமடி கரைக்கு வர வர பாட்டு குறுகிக் குறுகி, கடைசியில் வெறும் சத்தமாகிவிடும் என்பார் பெரியவர். முன்பாட்டுக்காரர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பின்பாட்டு சரியாக விழவில்லை என்றால் வலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், மீன் போய்விடும். “பின்பாட்டுத்தாம்ப்பு இழுக்கிறது. முன்னால பாடுறவன் வாய்தான் இழுக்கும்” என்றார். அன்றைக்கு அவரைச் செட்டில் சேர்த்தோம், அதாவது அவர் எங்களைச் சேர்த்துக்கொண்டார்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வேலைப்பாட்டு எதுவானாலும் அந்த வேலையை ஒருமுறையாவது செய்துகொண்டே பாடிப் பார்ப்பது. தாலாட்டுக்கு டீச்சர் தன் சேலையைக் கடை விட்டத்தில் தொட்டிலாகக் கட்டி, உள்ளே மணல் பையைப் போட்டு ஆட்டச் சொன்னார். தொட்டில் போய்த் திரும்புகிற நேரத்தை மாற்ற முடியாது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கும்மிக்குச் சுற்றி வந்து கொட்டியே ஆக வேண்டும். எங்கள் சீமையில் முளைக்கொட்டுத் திருவிழாவுக்கு முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் ராத்திரி ராத்திரியாகச் சுற்றிக் கும்மி கொட்டுவார்கள். அந்தப் பாட்டை மைக் முன்னால் வரிசையாக நின்று பாடினால் உப்பில்லாமல் இருக்கிறது. எங்கள் பெண்கள் இரண்டு பேரும் மேடையிலும் சுற்றித்தான் பாடுவார்கள். மைக்காரர் திட்டுவார். திட்டட்டும்.

ஒத்திகை ஞாயிறு சாயங்காலம், வேறு நாள் கிடையாது. வேதக்கார (கிறிஸ்தவ) மீனவர்கள் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. பெரியவர் காலைப் பூசை முடித்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்துவிடுவார். ஏழு பேரும் வந்தால்தான் ஆரம்பிப்போம் என்று முதலில் வைத்திருந்தோம். ஒரு வருஷத்தில் நாலு தடவைகூடக் கூட முடியவில்லை. இப்போது நாலு பேர் வந்தால் போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் குறைந்தது இரண்டு பேருக்கு முன்பாட்டு தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அப்படி வந்த விதிதான். ஆள் வராத அன்றைக்கு அவருடைய பாட்டையே எடுத்து ஒத்திகை பார்ப்போம். அவர் வந்ததும் அவருக்கு லேசாக எரியும், அடுத்த வாரம் ஒழுங்காக வந்துவிடுவார்.

வருஷத்தில் எங்களுக்குக் கொண்டாட்டமான காலம் தடைக்காலம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாங்கள் ஆரம்பித்தபோது 45 நாளாக இருந்தது, 2017-இல் கூட்டினார்கள். படகு போகவில்லை என்றால் ஐஸ் யாருக்கு? எனக்கும் வேலை குறைவு. கோவில் திருவிழாக்களும் அப்போதுதான். ஆனால் ஊரில் யார் கையிலும் காசு இருக்காது. ‘நம்ம ஊர்ப் பிள்ளைகள்தானே, சும்மா பாடுங்க’ என்பார்கள். சொந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு நிகழ்ச்சி இலவசம், மூன்றாவதுக்கு வண்டிச் செலவு என்று சொல்லிவிட்டோம். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை.

காசு என்றதும் 2009 ஞாபகம் வருகிறது. சாயல்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் நிகழ்ச்சி. வாத்தியங்களை எல்லாம் மாப்ளை தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். திரும்பி வந்ததும் டீசல் காசு கேட்டார். டெய்லர் அண்ணன், “நம்ம காரியத்துக்கு வாடகை கேப்பியாடா?” என்றார். பதிலுக்கு மாப்ளை, “உன் கடையில கரண்டு பில்லு யாரு கட்டுறா, நம்ம காரியமா?” என்று ஆரம்பித்து, அங்கிருந்து இரண்டு பேரும் எங்கெங்கோ போய்விட்டார்கள். அதற்கப்புறம் எட்டு மாசம் பேசவில்லை.

ஆனால் ஒரு ஞாயிறுகூட இரண்டு பேரும் வராமல் இல்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, “அந்த ஆளை சரணத்துல கொஞ்சம் அடக்கி அடிக்கச் சொல்லு” என்பார். மாப்ளை என்னைப் பார்த்து, “சுருதியைக் கூட்டுனா நான் ஏன் அடக்கணும்னு கேளு” என்பார். நான் நடுவில் இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்வேன். பின்பாட்டுக்காரனுக்கு இது புதுசா? பாட்டில் மட்டும் இரண்டு பேரும் அவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்து வந்தார்கள். பேசிக்கொண்டிருந்த காலத்தில்கூட அப்படி வந்ததில்லை.

காசுத் தகராறைத் தீர்த்தவர் பெரியவர். “படகுக்குப் பங்கு இல்லாமக் கடலுக்குப் போவானா எவனாவது?” என்றார். கடல் தொழிலில் வந்த மீனை விற்று, செலவைக் கழித்து, ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். அளவு இடத்துக்கு இடம் மாறும், முறை அதுதான். அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஆள் ஏழு பங்கு. வாத்தியத்துக்கு ஒரு பங்கு, அதைத் ‘தோல் பங்கு’ என்போம். வண்டிக்கு ஒரு பங்கு. மொத்தம் 9. 5,400 ரூபாய் வந்தால் பங்குக்கு 600. முன்பாட்டுக்கு அதிகம், ஜால்ராவுக்குக் குறைவு என்ற பேச்சே இல்லை. யாராவது உடம்பு சரியில்லாமல் வரவில்லை என்றால் அவருக்கு அரைப் பங்கு வீட்டுக்குப் போகும். கணக்கு நோட்டு என்னிடம். நிகழ்ச்சி முடிந்து வண்டி ஏறுவதற்கு முன்னால், அங்கேயே, விளக்கு வெளிச்சத்தில் பிரித்துக் கொடுத்துவிடுவேன். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அந்த ஒரு ராத்திரியில் ஆளுக்கு ஒரு கணக்கு மனசில் ஓடிவிடும்.

அப்புறமும் அவர்கள் பேசவில்லை. பேசவைத்தது தோல். கடற்கரையில் பொழுது சாய்ந்தால் காற்றில் ஈரம் ஏறி, தப்பின் தோல் தொய்ந்து ‘தொப் தொப்’ என்று கேட்கும். காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, தீயில் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ஒலி கிண்ணென்று ஏறுகிற நேரம் எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் தாண்டினால் தோல் கிழியும். அன்றைக்கு மாப்ளை தீயில் காட்டியபடியே யாரிடமோ பேச்சு சுவாரசியத்தில் இருந்தார். டெய்லர் அண்ணன் ஹார்மோனியத்தை விட்டு எழுந்து, “டேய், தோலு! தோலுடா!” என்று கத்தினார். எட்டு மாசத்தில் முதல் சொல். மாப்ளை தோலை இழுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, “சரிண்ணே, சரியா இருக்கு” என்றார். அவ்வளவுதான் சமாதானம். மன்னிப்பு, கைகுலுக்கல் எதுவும் இல்லை. இரண்டு பேரும் அதைப் பற்றி இன்றைக்கும் பேசுவதில்லை.

தோல் விஷயத்தில் இன்னொன்று. கல்யாண மகால்களில் தீ மூட்ட விடமாட்டார்கள். அங்கே பெரிய ஃபோகஸ் லைட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றுவோம், நேரம் பிடிக்கும். ஃபைபர் தோல் போட்ட தப்பு ஒன்று மழைக்கு ஆகும் என்று வாங்கி வைத்திருக்கிறோம். மாப்ளைக்கு அதைக் கண்டாலே ஆகாது, ‘பிளாஸ்டிக் வாளி’ என்பார். ஹார்மோனியத்துக்கு எதிரி உப்புக்காற்று. திருகாணிகள் துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் கட்டைகள் ஊறி அழுந்தியது அழுந்தியபடி நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் அண்ணன் அதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்து, உள்ளே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிடுவார். கரண்டு பில்லுக்கு இப்போது தோல் பங்கிலிருந்து காசு போகிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெற்கே ஒரு கடல், வடக்கே ஒரு கடல். தென்கடலை ஆண்கடல் என்பார்கள், வடகடலைப் பெண்கடல் என்பார்கள். ஆடியில் தெற்கத்திக் காற்று அடிக்க ஆரம்பித்தால் தென்கடற்கரையில் மைக் முன்னால் நிற்க முடியாது. ஸ்பீக்கரில் பாட்டுக்குப் பதிலாக ‘புஸ் புஸ்’ என்றுதான் வரும். மேடை போடுகிறவர்கள் அலங்காரம் எந்தப் பக்கம் அழகாக இருக்கும் என்று பார்ப்பார்கள். நாங்கள் போனதும் ஒரு பிடி மணலை எடுத்து விட்டுப் பார்ப்போம். காற்று முதுகில் அடிக்க வேண்டும், அப்போது குரல் தானாகக் கூட்டத்துக்குப் போகும். எதிர்க்காற்றில் பாடினால் தொண்டை போகும், கேட்கவும் கேட்காது. மேடையைத் திருப்ப முடியாவிட்டால் இறங்கிப் பக்கவாட்டில் நின்றுகொள்வோம்.

மேடையிலிருந்து இறங்கியதில் இன்னொரு கதை. ஊர் வேண்டாம். விழாக் கமிட்டி ஆள் ஒருவர் வந்து, பாட்டு மேலே இருக்கட்டும், தப்பு கீழே நின்று அடிக்கட்டும், அதுதான் இங்கே வழக்கம் என்றார். மாப்ளை ஒன்றும் பேசவில்லை, தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார். அதற்குள் டெய்லர் அண்ணன் ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார். பின்னாலேயே பாய், பாசி அக்கா, டீச்சர். பெரியவருக்கு முழங்கால் வலி, அவரை நான் பிடித்து இறக்கினேன். காலி மேடையில் சீரியல் விளக்கு எரிந்துகொண்டிருக்க, இரண்டு மணி நேரம் தரையில் நின்று பாடிவிட்டு வந்தோம். இது நடந்தது 2007-இல். இரண்டு வருஷம் கழித்து டீசல் காசுக்காக இதே இரண்டு பேர்தான் பேசாமல் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்போது யார் அழைத்தாலும் பணம் பேசுவதற்கு முன்னால் டீச்சர் ஒரு கேள்வி கேட்பார்: “மேடையில ஏழு பேருக்கும் இடம் இருக்குமா?” இடம் என்றால் என்ன என்று புரிந்தவர்களுக்குப் புரியும்.

சுருதியில் ரொம்ப நாள் திண்டாடினோம். பாசி அக்காவுக்கு ஐந்து கட்டைக்குக் குறைந்தால் குரல் உட்கார்ந்துவிடும். எனக்கு ஒன்றரை. எல்லோருக்கும் பொதுவாக மூன்று என்று வைத்துப் பார்த்தோம். எல்லோருக்கும் பொதுவாக மோசமாக இருந்தது. இப்போது யார் முன்பாட்டோ அவர் கட்டைதான் அந்தப் பாட்டுக்கு. அக்கா பாடும்போது ஆண்கள் கீழ் ஸ்தாயியில் மெதுவாக வாங்குவோம், எட்டாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு தாளம் போடுவோம். வாயை மூடுகிற இடத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலைந்து வருஷம் ஆனது.

அக்காவின் மூச்சைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தீவுப் பக்கம் வத்தை என்கிற சின்னப் படகில் போய், கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முங்கி முங்கிப் பாசி எடுப்பவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து கடல் தேசியப் பூங்கா, அதனால் அந்தத் தொழிலில் ஆயிரம் கெடுபிடி. அது வேறு கதை. தாலாட்டில் நாங்கள் மூன்று மூச்சு வாங்குகிற வரியை அவர் ஒரே மூச்சில் கொண்டுபோவார். எப்படி என்று கேட்டால், “முழுசா இழுக்காதீக. முக்கால் இழுங்க. நெஞ்சு நெறஞ்சா பதட்டம் வந்துரும், தண்ணிக்குள்ளயும் அப்படித்தான்” என்பார். எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்த சங்கீத பாடத்தில் உருப்படியானது இது ஒன்றுதான்.

அவருடைய ஆத்தா சொல்லிக்கொடுத்த ஒரு கும்மிப்பாட்டை ஒரு திருவிழாவில் பாடினோம். யாரோ செல்போனில் பிடித்திருக்கிறார்கள். ஆறு மாசம் கழித்து வேறொரு செட்டு அதை இசையெல்லாம் சேர்த்துத் தங்கள் பாட்டு என்று போட்டிருந்தது. அக்கா அதைக் கேட்டுவிட்டு, “மூணாவது அடியைத் தப்பாப் பாடுறாக” என்று மட்டும் சொன்னார். எங்களுக்குத்தான் ஆறவில்லை. சண்டை போடப் போனால் எங்களிடம் என்ன இருக்கிறது? எழுத்தில் ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம் டீச்சர் ஒரு நீளக் கோடு நோட்டு போட்டார். பாட்டு, யார் தந்தது, எந்த ஊர், எந்தத் தேதி, அவர் என்ன அனுமதி தந்தார்: வீட்டோடு இருக்கட்டுமா, மேடையில் பாடலாமா, பதிவு செய்யலாமா. பாட்டு தருகிறவரிடம் அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுவார். சிலர் பயந்துபோய், “பாட்டுக்கு எதுக்கும்மா பத்திரம்” என்று கேட்டதுண்டு. செட்டு ஆரம்பிக்கிறவர்கள் ஹார்மோனியம் வாங்குவதற்கு முன்னால் இந்த நோட்டை வாங்கிவிடுங்கள்.

அந்த நோட்டில் ‘மேடை வேண்டாம்’ என்று எழுதியிருக்கிற பாட்டு ஒன்றுதான் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் ஒரு பாட்டி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அங்கிருந்து தப்பி வந்தவர். அந்தப் புயலில் போனவர்களுக்கு அவருடைய அம்மா வைத்த ஒப்பாரி அவருக்கு மனப்பாடம். பாடச் சொன்னோம். வீட்டுக்குள் பாடமாட்டேன் என்றார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. சரி என்று கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். மணலில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்துப் பாடினார். பாய் பழக்கத்தில் தாயிராவை எடுத்துவிட்டு, அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். மேடையில் பாடலாமா என்று கேட்டோம், “பாடுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்” என்றார்.

ஒரு நிகழ்ச்சியில் பாசி அக்கா எடுத்தார். முந்தின பாட்டு குஷியான தெம்மாங்கு. நாங்கள் வரிசை போட்ட லட்சணம் அப்படி. கூட்டம் அந்தச் சூட்டிலேயே இருந்தது. ஒப்பாரியின் இரண்டாவது கண்ணியில் ஒரு பையன் விசிலடித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு அது இன்னொரு பாட்டு. அக்கா பாதியில் நிறுத்திவிட்டார். ஹார்மோனியம் மட்டும் ஒரு நொடி தனியாகக் கேட்டு நின்றது. பாட்டி முன்வரிசையில் இருந்தார். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் டீ போட்டுக் கொடுத்தார், வேறொன்றும் சொல்லவில்லை. ‘மேடை வேண்டாம்’ என்பது அன்றைக்கு நாங்களாகவே முடிவு செய்து, டீச்சர் நோட்டில் எழுதியது. பாட்டின் வரிசை போடுவதை அதிலிருந்து பாயிடம் கொடுத்துவிட்டோம். கோவில், சர்ச், தர்கா மூன்று இடத்துக்கும் எது எதற்குப் பின்னால் வரலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. மாரியம்மன் கும்மி மெட்டிலேயே மாதா பாட்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே ராத்திரியில் பாடக் கூடாது என்பார்.

பெரியவர் 2019-இல் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, அம்பாவுக்கு யார் என்று கேள்வி வந்தது. பதினாறு வருஷம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான், ஒரு சொல் விடாமல் தெரியும். என்னையே எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். வரியெல்லாம் சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு அடி முடிவிலும் அடுத்தவர் யாரோ ஆரம்பிப்பார் என்று என் காது காத்துக்கொண்டே இருந்தது. யாரும் ஆரம்பிக்கவில்லை, ஏனென்றால் நான்தான் ஆரம்பிக்க வேண்டும். மூன்று நிகழ்ச்சி அப்படி ஓட்டினோம். மாப்ளைதான் ஒருநாள் ஆட்டோவில் வரும்போது சொன்னார்: “மாப்ள, நீ முன்னால பாடுறப்ப பின்பாட்டு சரியில்லடா. ஏன்னு யோசிச்சேன். நீ அங்க இல்ல.” இதைவிட நல்லபடியாக யாரும் என்னை இறக்கியிருக்க முடியாது.

இப்போது அம்பா எடுப்பது ஒரு சின்னப் பையன், பாம்பன்காரன், நாட்டுப்படகில் போகிறவன். கடல் ஓசை 90.4 ரேடியோவை வைத்துக்கொண்டு படகில் பாடிக்கொண்டே போகிறவன் என்று கேள்விப்பட்டுக் கூட்டி வந்தோம். குரல் நல்ல குரல். வேகம்தான் கொஞ்சம். பெரியவரின் கயிறு கடை பெஞ்சுக்குக் கீழே இன்னும் கிடக்கிறது, ஆட்டோதான் மாறிவிட்டது.

இப்போதைக்குச் செட்டில் ஒரே தகராறு பாலம்தான். ராமேஸ்வரத்துக்கு நிகழ்ச்சிக்கு ரயிலில் போகும்போது, 1914-இல் திறந்த அந்தப் பழைய பாம்பன் பாலத்தின் மேல் வண்டி மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து போகும். மண்டபத்தில் ஏறி, பாலம் தொடங்குகிற இடத்தில் ஒரு பாட்டை எடுத்தால், எல்லாச் சரணமும் பாடி, பாம்பன் ஸ்டேஷன் வருவதற்குள் சரியாக முடிப்போம். பெட்டியில் இருப்பவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். கிட்டத்தட்ட இருபது வருஷப் பழக்கம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள், இரண்டு வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் ஹார்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு போனோம். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தார்கள். முதல் தடவை ஏறினோம், வழக்கமான இடத்தில் வழக்கமான பாட்டை எடுத்தோம். மூன்றாவது சரணத்தில் பாம்பன் வந்துவிட்டது.

டெய்லர் அண்ணன் நாலாவது, ஐந்தாவது சரணங்களை வெட்டிவிடலாம் என்கிறார். அது பெரியவர் தந்த சரணம், தொட விடமாட்டேன் என்கிறார் மாப்ளை. உச்சிப்புளியிலேயே எடுத்துவிடலாம் என்கிறார் டீச்சர்; கடல் இல்லாமல் அந்தப் பாட்டை எடுக்க மாட்டேன் என்கிறார் அக்கா. போன ஞாயிறு ஒத்திகை முழுக்க இதுதான். கடைசியில் என்னைக் கேட்டார்கள். யார் எங்கே எடுத்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன், முதலில் டிக்கெட் எடுங்கள் என்றேன்.